மதுரையிலிருந்து வந்தவர்கள்: மறையூர் மலையில் முன்னோரைத் தேடுவது

கேரளத்து மறையூர்ப் பக்கத்தில் பூர்வீகம் எது என்று யாரைக் கேட்டாலும் பேச்சு மதுரையில்தான் போய் நிற்கும். மதுரையில் ஆட்சி குலைந்தபோது மலையேறி வந்தவர்கள் தாங்கள் என்பார்கள் அஞ்சுநாட்டு வெள்ளாளர்கள். மீனாட்சியம்மனை முதுகில் சுமந்துகொண்டு வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது முதுவர் பழங்குடியினரின் கதை. மன்னான் பழங்குடியினருக்கும் மதுரைதான். இந்த மலைகளை 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற துரைக்கு எழுதிக்கொடுத்த பூஞ்சாறு ராஜாக்களோ, தாங்கள் பாண்டிய வம்சம் என்கிறார்கள். பூஞ்சாற்றில் மீனாட்சிக்குக் கோயிலும் உண்டு. மலைக்கு உரிமை கொண்டாடியவர், வயலில் நெல் போட்டவர், காட்டை எரித்து ராகி விதைத்தவர் என எல்லாருக்கும் ஒரே ஊர்.

இதைப் பொய் என்று தள்ளுவதும் தவறு, அப்படியே எழுதி வைத்துக்கொள்வதும் தவறு. பெரும்பாலான கதைகளில் மதுரை ஊராக வருவதைவிட அத்தாட்சியாகவே வருகிறது. நாங்கள் காட்டில் முளைத்தவர்கள் அல்ல, கோயிலும் அரசனும் இருந்த இடத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்வதற்கான அத்தாட்சி. மலைக்குக் கீழே நின்று தங்களை ஏளனமாகப் பார்த்தவர்களுக்குச் சொன்ன பதில் அது என்றே நான் நினைக்கிறேன்.

வெள்ளாளர் கதையில் காலம் வழுக்குகிறது. திருமலை நாயக்கர் காலத்தில் வந்தோம் என்று ஒரு தரப்பு. திப்புவின் படைக்குப் பயந்து வந்தோம் என்று இன்னொரு தரப்பு. நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. திப்பு 1782 முதல் 1799 வரை. நடுவில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல், அதாவது ஐந்து தலைமுறை. ஆனால் கதை சொல்பவருக்கு அந்த இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு முக்கியமானது அடுத்து வரும் கட்டம்: வந்தவர்கள் பாலைத் தொட்டுச் சத்தியம் செய்து, மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என ஐந்து ஊராகப் பிரிந்து உட்கார்ந்தார்கள் என்பது. பெரியதனம், மந்திரி, மன்னாடியார் போன்ற ஊர்ப் பதவிகளுக்கும், யார் யாருக்குப் பங்காளி, யார் வீட்டில் பெண் எடுக்கலாம் என்ற கணக்குகளுக்கும் அந்தச் சத்தியமே அடித்தளம். எப்போது வந்தோம் என்பதைவிட யாரோடு வந்தோம் என்பதைத்தான் அந்தக் கதை பாதுகாக்கிறது. குடும்ப வரலாறு தேடுகிறவர் அதனிடம் ஆண்டைக் கேட்கக்கூடாது; உறவைக் கேட்கலாம்.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக்கூடாது என்று நம் பெரியவர்கள் தடுத்து வைத்திருக்கிறார்கள். அயர்லாந்துக்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை. அங்கே கிராமப்புறத் தேவாலயப் பங்கு ஒன்றில் பூட்டன் பெயரைத் தேடுவது ஏறக்குறைய ஒரு தேசியத் தொழில். பஞ்சத்தில் கப்பலேறிப் போனவர்களின் வழிவந்தவர்கள் அமெரிக்காவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்து தேடுகிறார்கள். அவர்களுடைய சிக்கலும் சிறியதல்ல. 1922 ஜூனில் உள்நாட்டுப் போரின்போது டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்ததில் 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதி மக்கள்தொகைக் கணக்கேடுகள் பெரும்பாலும் சாம்பலாயின. அதற்குப் பிந்தைய சில கணக்கேடுகளை அரசே முன்பே அழித்திருந்தது. முழுமையாக மிஞ்சியவற்றில் மூத்தது 1901இன் கணக்கேடு. அதற்கு முந்திய காலத்துக்கு அவர்கள் வேறு காகிதங்களைப் பிடித்தார்கள்: 1847க்கும் 1864க்கும் இடையில் வரி போடுவதற்காக வீடுவீடாக நிலத்தை மதிப்பிட்ட கிரிஃபித் ஏடுகள், கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் புத்தகங்கள். அந்தப் பங்கு ஏடுகளின் படங்களை 2015இல் அயர்லாந்து தேசிய நூலகம் இலவசமாகப் பொதுவில் வைத்துவிட்டது.

இந்தியாவில் தீ வைக்க வேண்டிய தேவையே எழவில்லை. நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுப்படிவங்கள் கூட்டிக் கழித்த பிறகு பொதுமக்களின் பார்வைக்கு வருவதில்லை. எண்ணிக்கை மிஞ்சும், பெயர் மிஞ்சாது. திருவிதாங்கூர் 1875 முதலே முறையாகத் தலை எண்ணிய சமஸ்தானம். ஆனாலும் 1891இல் மறையூரில் இருந்த ஒரு பாட்டனை அந்த அட்டவணைகளில் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே இங்கும் அயர்லாந்துக்காரர் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது: என் முன்னோரின் பெயரை எழுதி வைக்கும் அவசியம் யாருக்கு இருந்தது? வரி வாங்குகிறவருக்கா, கூலி கொடுக்கிறவருக்கா, தலையில் தண்ணீர் ஊற்றியவருக்கா? இந்த மலையில் ஒரு குடும்பத்தின் வரலாறு எத்தனை தலைமுறை பின்னால் போகும் என்பதை அந்தப் பதிலே முடிவு செய்கிறது.

வரி வாங்கியவரின் ஏட்டை முதலில் பார்ப்போம். லெப்டினன்ட் வார்டும் கானரும் 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரை அளந்து எழுதிய நினைவேடு ஊர்களைச் சொல்லும், குடும்பங்களைச் சொல்லாது. பெயர்கள் கிடைப்பது 1880களில் தொடங்கி 1911இல் முடிந்த நிலவரித் தீர்வையில்தான். இன்றும் வில்லேஜ் ஆபீசில் தண்டப்பேர் என்று கேட்டால், எந்த நிலத்துக்கு யார் பெயரில் கரம் கட்டப்படுகிறது என்ற கணக்கு வரும். அதிலிருந்து பின்னோக்கி நடந்தால் பழைய தீர்வைப் பதிவில் போய் முட்டலாம். இங்கே ஒரு எச்சரிக்கை: பழைய ஏடுகளில் ஆண்டு கொல்லம் ஆண்டு. அதோடு 825ஐயோ 824ஐயோ கூட்டினால்தான் ஆங்கில ஆண்டு வரும். சிங்க மாதத்தில் (ஆவணியில்) ஆண்டு பிறப்பதால், மாதம் தெரியாமல் கூட்டினால் ஓர் ஆண்டு தவறும். வயதானவர்கள் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளத்துக்கு முந்தி’ என்று ஒரு பிறப்பைச் சொன்னால் அது கொல்லம் 1099, அதாவது 1924 ஜூலை. மூணாறு நகரத்தையும் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலையும் அடித்துக்கொண்டு போன வெள்ளம் அது. பிறந்தநாள் தெரியாத ஒரு தலைமுறைக்கே அது நாட்காட்டி.

ஆனால் நில ஏட்டில் நிலம் வைத்திருந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள், அவர்களும் பெரும்பாலும் ஆண்கள். அவர்களுடைய வயலில் உழைத்த மலைப்புலையர் இருக்கமாட்டார்கள். குறும்பப் புலையர், கரவழிப் புலையர், பாம்புப் புலையர் என்று அவர்களின் பிரிவுகளையும், முதுவர்களின் வழக்கங்களையும் எல்.ஏ. கிருஷ்ணய்யர் 1937 முதல் வெளிவந்த தன்னுடைய திருவிதாங்கூர்ப் பழங்குடிகள் நூல் தொகுதிகளில் விரிவாக எழுதினார். உழைப்பு மிகுந்த நூல்தான். ஆனால் அதில் மனிதர்கள் இனமாக வருகிறார்கள், ஆளாக வருவதில்லை. தன் கொள்ளுப்பாட்டியைத் தேடும் ஒரு புலையர் வீட்டுப் பெண்ணுக்கு அந்த நூல் சடங்கைத் தரும், பாட்டியைத் தராது.

மறையூர்க் குன்றுகளில் நிற்கும் முனியறைகளையும் சுட்டிக்காட்டி, எங்கள் முன்னோர் கட்டியவை என்று சொல்பவர் உண்டு. பெருங்கற்காலக் கல்லறைகளுக்கும் இன்றைய எந்தக் குடும்பத்துக்கும் நடுவில் கோடு போட எந்தச் சான்றும் இல்லை. இதை இதோடு விட்டுவிடலாம்.

அடர்த்தியான காகிதம் இருப்பது மறையூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் மேலே, தேயிலையில். மன்றோவின் கூட்டாளிகள் 1879இல் வட திருவிதாங்கூர் நிலத் தோட்ட வேளாண் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1897இல் கண்ணன் தேவன் மலைவிளைபொருள் கம்பெனி வந்தது. (கண்ணன் தேவன் என்பது அஞ்சுநாட்டுத் தலைவர் ஒருவரின் பெயர் என்பது வழக்கு. கேரளம் முழுக்கத் தேயிலைப் பொட்டலத்தில் அச்சாகும் பெயருக்கு உரியவரின் வம்சாவளி வழக்கோடு நின்றுவிடுகிறது.) திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டிவந்தார்கள். ஒரு கங்காணிக்குக் கீழே வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஊர், ஒரே சாதி, சொந்தபந்தம். லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் என்றால் ஊரிலும் அடுத்தடுத்த தெருவாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே பாட்டனின் ஊர் தெரியாவிட்டாலும் கங்காணியின் ஊர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தோட்டக் கணக்கில் தொழிலாளியின் பெயர் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் இருக்கும். பெயரை எழுதியவர் தமிழ் காதில் ஏறாத துரையோ, ஆங்கிலத்தை அரைகுறையாகப் பிடித்த கணக்கப்பிள்ளையோ. பின்னால் அதே பெயர் மலையாள எழுத்துக்கு மாறும்போது மாடசாமி மாடஸ்வாமி ஆவார். ஒரே லயத்தில் நாலு மாடசாமி இருந்தால் செக்ரோல் எண்ணை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். போதாததற்கு நம் வழக்கப்படி பேரனுக்குத் தாத்தா பெயர். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் திரும்பி வரும். அயர்லாந்திலும் மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயரும், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயரும் வைக்கும் வழக்கம் இருந்தது. இந்த ஒழுங்கு தேடுபவரைக் குழப்பும், ஆனால் கைகொடுக்கவும் செய்யும்: ஏட்டில் மூத்த பேரன் பெயர் கிடைத்தால், காகிதமே இல்லாத தாத்தாவின் பெயரைத் துணிந்து ஊகிக்கலாம்.

மூணாறு கிறிஸ்து ஆலயத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு. காலராவில் இறந்த இளம் துரைசானி எலினர் இசபெல் மேயின் கல்லறையிலிருந்து, 1894 முதல், அந்த இடத்தின் கதை தொடங்குகிறது. கோயில் பிறகுதான் எழுந்தது. வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றின் சந்ததி அங்கே வந்து கல்லைத் தடவிப் பார்க்கலாம். அதே ஆண்டுகளில் காய்ச்சலில் செத்த கூலிகள் புதைந்தது தேயிலை ஓரத்தில், கல் இல்லாமல். அவர்களில் கத்தோலிக்கர்களுக்கு மட்டும் ஒரு வாய்ப்பு உண்டு. 1898இல் ஸ்பானியக் கார்மேல் சபைக் குருவான அல்போன்ஸ் மரியா மூணாறில் மலைமாதா கோயிலைத் தொடங்கினார். உயர்மலைப் பகுதியின் முதல் கத்தோலிக்கக் கோயில் அது. கோயில் என்றால் ஏடும் உண்டு. 1563இல் முடிந்த திரெந்து பொதுச்சங்கம் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிவு செய்வது ஒவ்வொரு பங்குக் குருவின் கடமை என்று விதித்திருந்தது. அயர்லாந்தின் கார்க்கில் எழுதப்பட்ட ஏடும் மூணாறில் எழுதப்பட்ட ஏடும் ஒரே சட்டத்தின் பிள்ளைகள்.

அந்த ஏட்டில் பிள்ளையின் பெயர், தாய் தந்தை பெயர், ஞானத்தாய் ஞானத்தந்தை பெயர் எல்லாம் இருக்கும். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் மாமனோ அத்தையோதான். பின்னாளில் அந்தப் பிள்ளைக்குத் திருமணம் ஆனால், எந்தப் பங்கில், யாரோடு என்ற குறிப்பு பழைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலேயே ஏறும். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. மாமன் மகளைக் கட்டுவது நமக்கு முறை. திருச்சபைச் சட்டத்துக்கோ அது தடை. ஆகவே அப்படிப்பட்ட கல்யாணத்துக்கு விதிவிலக்கு வாங்க வேண்டும். என்ன உறவு, எத்தனையாவது படி என்பது பதிவாகும். நம் உறவுமுறையை ரோமாபுரி ஏற்கவில்லை என்பதாலேயே அது ஏட்டில் அச்சொட்டாக இருக்கிறது. இந்து வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்கு என்ன முறை என்று எவரும் எழுதி வைத்ததில்லை, ஊருக்கே தெரியும் என்பதால்.

மலையில் இந்தத் தேடல் பொழுதுபோக்கு அல்ல. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 தேதியிட்டது. தமிழ்நாட்டுப் பூர்வீகமுள்ள தோட்டக் குடும்பத்துப் பிள்ளை கேரளத்தில் பட்டியல் சாதிச் சான்று கேட்டால், அந்தத் தேதிக்கு முன்பே முன்னோர் இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் எங்கே என்ற கேள்வி வருகிறது. பேத்தி கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, பாட்டன் லயத்துக்கு வந்த ஆண்டை நிரூபிக்க வேண்டும். பாட்டன் கைநாட்டு. பள்ளிக்கூடம் போயிருந்தால் சேர்க்கைப் பதிவேடு இருக்கும், போகவில்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றாக வந்ததே 1969இல்தான். மிஞ்சுவது தோட்டத்துப் பழைய கணக்கு, அல்லது கோயில் ஏடு.

இங்கேதான் கொடுமை. அதே ஆணை, கிறிஸ்தவராக இருப்பவரைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. இந்துக்களோடு பிறகு 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் மட்டுமே சேர்த்துக்கொண்டது. ஆகவே 1940களில் எழுதிய ஒரு ஞானஸ்நானப் பதிவு பாட்டன் அந்தத் தேதிக்கு முன்பே மலையில் இருந்தார் என்று நிரூபிக்கும். அதே வரியில் அவரைச் சட்டத்துக்கு வெளியே தள்ளியும் விடும். வம்சம் தேடுபவருக்குப் புதையல், சான்றிதழ் தேடுபவருக்கு வில்லங்கம். எல்லாக் காகிதத்தையும் சேர்த்து வையுங்கள் என்று பொத்தாம்பொதுவாக அறிவுரை சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

வந்தவரா, இருந்தவரா என்ற கேள்வி இந்தத் தேவிகுளம் தாலுகாவை முன்பும் துரத்தியிருக்கிறது. 1950களில் தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிப் போராட்டம் நடந்தபோது, தோட்டத் தமிழர் நிலைத்த குடிகளா, வந்துபோகும் கூலிகளா என்பதே வாதத்தின் நடுவில் இருந்தது. 1956இல் இரண்டும் கேரளத்தில் நின்றன. தோட்டங்களுக்கு முன்பே இங்கே வயல் வைத்திருந்த அஞ்சுநாட்டுக்காரர்களும் அந்தக் கேள்விக்குள் சேர்த்து இழுக்கப்பட்டார்கள்.

கடல் தாண்டியும் இதே கணக்குத்தான். இதே தென்மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தேயிலைக்குப் போனவர்களிடம் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. பிறப்பே பதிவாகாத லயங்களில் பூட்டனுக்குச் சான்று எங்கே போவது? பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்குபோட்டது. அயர்லாந்து நேர்மாறு: பாட்டனோ பாட்டியோ அந்தத் தீவில் பிறந்ததைக் காட்டினால், வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைக்கும் குடியுரிமை. அங்கே பாட்டன் கதவைத் திறக்கிறார். இங்கே பாட்டன் இல்லாததால் கதவு மூடுகிறது.

காகிதம் கைவிட்ட இடத்தில் மலைத்தமிழர் கையில் வைத்திருப்பது குலதெய்வம். மூன்று நான்கு தலைமுறை மலையில் கழித்த பிறகும், மாசியிலோ கொடை நாளிலோ எந்த ஊர்க் கோயிலுக்குப் போகிறார்கள் என்று கேட்டால் பூர்வீகம் வந்துவிடும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடி லயங்கள் மண்ணுக்குள் போய் 70 உயிர்கள் பலியானபோது, வெளியே இருந்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியவந்தது: அவர்களில் பலருக்குத் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறில் வீடும் உறவும் இருந்தன. அழுகை ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் கேட்டது. செக்ரோலில் எங்கும் இல்லாத வரைபடம் அது.

குலதெய்வக் கோயில்களில் தலைக்கட்டு வரி நோட்டு ஒன்று இருக்கும். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. வெளியூரில் இருந்தாலும் வரி உண்டு, பெயர் உண்டு. ஒரு வகையறாவின் பெயர்ப்பட்டியலாக அதைவிட நல்லது நம்மிடம் கிடையாது. அதற்கு அடுத்தது மொய் நோட்டு. யார், எந்த ஊர், எவ்வளவு என்று கல்யாணத்துக்குக் கல்யாணம் எழுதிய அந்தக் கோடுபோட்ட நோட்டுகளைத் திருப்பிச் செய்ய வேண்டிய கடனுக்காகவே வீடுகள் பத்திரப்படுத்துகின்றன. நாற்பது ஆண்டு பழைய மொய் நோட்டு ஒன்று கிடைத்தால், ஊர்ப்பெயர்களை மட்டும் தனியே எழுதிப் பாருங்கள். பெண் கொடுத்த ஊரும் பெண் எடுத்த ஊரும் மேலே மிதந்து வரும்.

இவற்றிலும் பெண்கள் குறைவு. தலைக்கட்டு ஆணுக்கு, தண்டப்பேரும் பெரும்பாலும் ஆணுக்கு. கட்டிக்கொண்டு வந்தவள் எந்த ஊர்க்காரி என்பதைப் பேரப்பிள்ளைகள் மறந்தால் அவள் வழி அதோடு போயிற்று. தேயிலைக் கணக்கு மட்டும் இதில் விலக்கு: கொழுந்து பறித்தவர்கள் பெண்கள், கூலிக் கணக்கில் அவர்கள் தனி ஆளாகவே இருக்கிறார்கள். கேட்டு எழுதப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். புருஷன் பெயரைப் பழைய தலைமுறைப் பாட்டி வாயால் சொல்லமாட்டாள். ஓரகத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள்.

முதுவர்களிடம் கணக்கே வேறு. அவர்களில் பிள்ளை தாயின் கூட்டத்தைச் சேரும். பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் வந்த படிவங்களோ தந்தை பெயரைக் கேட்டன. அவர்கள் கொடுத்தார்கள். ஆகவே அரசாங்கக் காகிதத்தை வைத்து ஒரு முதுவர் குடும்பத்தைப் பின்தொடர்ந்தால் கிடைப்பது அவர்கள் வம்சமாகக் கருதாத ஒரு வரிசை. அவர்களுடைய வரிசை குடியில் இருக்கும் மூத்தவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது.

1950களில் பட்டம் தாணுப்பிள்ளை காலத்துக் குடியேற்றத் திட்டத்தில் மறையூருக்கு வந்த சமவெளி மலையாளிகளில் சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றுக்கு அச்சிட்ட குடும்ப சரித்திரப் புத்தகம் உண்டு. ஆண்டுதோறும் குடும்பயோகம் கூடும், கிளை கிளையாகப் படம் போட்டிருக்கும். தோமையாரிடம் கி.பி. 52இல் ஞானஸ்நானம் பெற்ற நம்பூதிரி இல்லத்தில் அந்தப் புத்தகங்களில் பல தொடங்கும். அவர்களுடைய மதுரை அது. ஆனால் கடைசி ஐந்தாறு தலைமுறை பங்கு ஏட்டோடு ஒத்துப்போகும், திருத்தமாகவும் இருக்கும். அஞ்சுநாட்டிலோ லயத்திலோ இப்படி ஒரு புத்தகம் போடுவதற்குத் தேவையான சரக்கு இல்லாமல் இல்லை. தோட்டக் கணக்குகள், பழைய பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள், பங்கு ஏடுகள், தலைக்கட்டு நோட்டுகள் எல்லாம் தனித்தனிப் பீரோக்களில் கிடக்கின்றன. பள்ளிப் பதிவேடுகளிலிருந்து தொடங்குவதுதான் சரி என்பது என் எண்ணம்: சாதிக்காரர், மதத்துக்காரர் என்று பாராமல் பள்ளிக்கு வந்த எல்லாப் பிள்ளைகளும் அதில் உண்டு, 1950 தேதிக்கும் அது செல்லும், பெண்பிள்ளைகளின் பெயரும் இருக்கும். கரையான் அரிப்பதற்குள் பக்கம் பக்கமாகப் படமெடுக்க ஒரு நல்ல கேமராவும் தலைமையாசிரியரின் சம்மதமும் போதும்.